செகண்ட் வயலினும் ஒரே ஒரு சிம்பல் அடியும்: இளையோர் ஆர்கெஸ்ட்ரா கேள்வி பதில்

சீசனோட முதல் கச்சேரிக்கு இன்னும் நாலஞ்சு வாரம்தான் இருக்குன்னு இந்தத் தடவை கேள்விங்க குவிஞ்சிருக்கு, பாதி பிள்ளைங்ககிட்ட இருந்து, பாதி அவங்க அப்பா அம்மாகிட்ட இருந்து. நான் இளையோர் ஆர்கெஸ்ட்ராவுல வயோலா (வயலினை விடக் கொஞ்சம் பெரிசு) வாசிச்சு வளர்ந்த ஆளு, இப்போ ஸ்ட்ரிங்ஸ் பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வயோலா உக்கார்ற இடம் ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவுல, அங்க இருந்து கேட்டுப் பழகின காதோடதான் பதில் சொல்றேன்.

என் பொண்ணுக்கு 14 வயசு, ஏழு வருஷமா வயலின் கத்துக்கிறா. ஆடிஷன் முடிஞ்சு அவளை செகண்ட் வயலின்ல (வயலின்காரங்களோட ரெண்டாவது குழு), அதுவும் கடைசி டெஸ்க்ல (ரெண்டு பேர் ஒரே ஸ்டாண்டைப் பாத்து வாசிக்கிற இடம்) போட்டுட்டாங்க. அழுதுட்டே வீட்டுக்கு வந்தா, விலகிடப் போறேன்னு சொல்றா. என்ன சொல்லித் தேத்துறது?

மொதல்ல அழட்டும்மா, அது நியாயமான அழுகைதான். ஏழு வருஷம் உழைச்ச பிள்ளைக்கு "கடைசி"ன்னு ஒரு வார்த்தை கேட்டா வலிக்கத்தான் செய்யும். ஆனா விலக விடாதீங்க.

அவளை ஒரு காரியம் பண்ணச் சொல்லுங்க. சைக்கோவ்ஸ்கியோட ஆறாவது சிம்பொனி, 1893ல முதல் தடவையா வாசிச்சது, அதோட கடைசி மூவ்மென்ட் (சிம்பொனியோட ஒரு பகுதி) ஆரம்பத்தை மொதல்ல காதால கேக்கணும். நெஞ்சை அறுக்கிற மாதிரி ஒரு மெட்டு இறங்கி இறங்கி வரும். கேட்டதுக்கு அப்புறம் ஸ்கோரை (எல்லா வாத்தியத்தோட வரியும் இருக்கிற இசைத்தாள்) எடுத்து ஃபர்ஸ்ட் வயலின் வரியைப் பாக்கச் சொல்லுங்க, அதுல அந்த மெட்டு இருக்காது. செகண்ட் வயலின் வரியைப் பாத்தா அதுலயும் இருக்காது. ஒரு சுரம் இவங்க, அடுத்த சுரம் அவங்கன்னு ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திப் பிரிச்சு எழுதி வெச்சிருக்காரு அந்த மனுஷன், தனித்தனியா வாசிச்சா ரெண்டுமே எங்கெங்கயோ தாவுற மாதிரி இருக்கும், சேந்து வாசிச்சாத்தான் நம்ம காதுல அந்த மெட்டே பிறக்குது. அந்தக் காலத்துல ஃபர்ஸ்ட் வயலின் மேடைக்கு ஒரு பக்கம், செகண்ட் வயலின் எதிர்ப் பக்கம்னு உக்கார்றது வழக்கம், அப்போ அந்த மெட்டு மேடையோட ரெண்டு ஓரத்துக்கும் நடுவுல போயிப் போயி வந்திருக்கும். செகண்ட் வயலின்னா ரெண்டாம் தரம்னு நினைக்கிற எந்தப் பிள்ளைக்கும் நான் மொதல்ல இதைத்தான் காட்டுவேன்.

இப்போ கடைசி டெஸ்க் விஷயம். நிறைய பேருக்குத் தெரியாது, அங்க உக்காந்து வாசிக்கிறது முன்னாடி டெஸ்க்கை விடக் கஷ்டம். சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையோட அந்தக் கோடியில 12 மீட்டர் தள்ளி வாசிக்கிறவங்க சத்தம் உங்க பொண்ணு காதுக்கு வர்றதுக்கு ஒரு நொடில நூத்துல மூணு நாலு பங்கு ஆயிடும், கேக்குறதுக்குச் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா காதுல விழுந்ததுக்கு அப்புறம் வில்லை இழுத்தா முழு வரிசையும் இழுபட்டுப் போற மாதிரி கேக்கும். அதனால கடைசி டெஸ்க்ல இருக்கிறவங்க கண்டக்டரோட கையையும் முன்னாடி இருக்கிற லீடரோட வில்லையும் கண்ணால பிடிச்சு, காதை நம்பாம, துணிஞ்சு நேரத்துக்கு வாசிக்கணும். கை நடுங்குற பிள்ளையை அங்க உக்கார வெச்சா செக்‌ஷன் மொத்தமும் மந்தமாயிடும், விவரம் தெரிஞ்ச பயிற்சியாளர் யோசிச்சுத்தான் அங்க ஆள் போடுவாங்க. உங்க பொண்ணு விஷயத்துல அப்படித்தான் போட்டாங்களான்னு என்னால சொல்ல முடியாது, அவளே போய் "நான் எதுல முன்னேறணும்"னு கேக்கட்டும், கேக்குறது தப்பே இல்ல.

நான் பெர்கஷன் (தாள வாத்தியம்). இந்த வருஷம் டிவோர்ஷாக்கோட ஒன்பதாவது சிம்பொனி. எனக்குக் கிடைச்சது சிம்பல்ஸ், மோதி அடிக்கிற ரெண்டு உலோகத் தட்டு. அதுல மொத்தம் ஒரே ஒரு அடிதான் இருக்கு. ஒவ்வொரு ரிகர்சலுக்கும் நான் எதுக்கு வரணும்?

தம்பி, உன் கோவம் புரியுது. 1893ல நியூயார்க்ல முதல் தடவை வாசிச்ச நாள்ல இருந்து சிம்பல்ஸ்காரங்க எல்லாரும் கேட்டிருப்பாங்க இதை. கடைசி மூவ்மென்ட்ல ஒரே ஒரு தடவை, அதுவும் பெரிய சத்தமா இல்லாம, காத்துல ஒரு கோடு இழுத்த மாதிரி வரணும். டூபாகாரரைக் கேளு, அவருக்கும் ரெண்டாவது மூவ்மென்ட்ல மட்டும் கொஞ்சூண்டு சுரங்கள்தான், மீதி நேரம் எல்லாம் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். பீத்தோவனோட அஞ்சாவதுல டிராம்போன்காரங்க மூணு மூவ்மென்ட் முழுக்க சும்மா இருந்து நாலாவதுல வாயைத் திறந்த முதல் நொடியே முழு பலத்தோட இறங்கணும்.

ஏன் வரணும்னா, அந்த ஒரு அடியை நீ எண்ணிக்கையை வெச்சு மட்டும் அடிச்சா அது சரியான நேரத்துல வரும், ஆனா சரியான சத்தத்துல வராது. அதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்ஸ் எவ்வளவு ஏறி வந்திருக்காங்க, அடுத்து யாரு மெட்டை எடுக்கப் போறாங்க, அவங்களை நீ மூடிடுவியா இல்ல தூக்கி விடுவியா, இதெல்லாம் தெரியணும்னா எல்லா ரிகர்சல்லயும் இருந்து கேட்டிருக்கணும். உன் பார்ட்ல ரெஸ்ட் (வாசிக்காம இருக்கணும்ங்கிற குறி) போட்டிருக்கிற இடத்துல எல்லாம் பென்சிலால குறிச்சு வை, "இங்க கிளாரினெட் வரும்", "இங்க ஹார்ன் கூப்பிடும்"னு. எண்ணிட்டே இருந்து நடுவுல தவறிட்டா கூட அந்தக் குறிப்பு உன்னைக் கையைப் பிடிச்சுக் கொண்டு வந்து சேர்த்துடும். இன்னொண்ணு, ரெண்டு தட்டையும் நேருக்கு நேர் ஒட்டி அடிச்சா உள்ள காத்து மாட்டிக்கிட்டு டப்புனு செத்துப் போயிடும், ஓரம் கொஞ்சம் முன்ன பின்ன விழணும். அந்த ஒரு அடிக்கு வீட்டுல நூறு தடவை அடிச்சுப் பாக்குறது நியாயம்தான்.

ரொம்ப வேகமான ஒரு நாலு பார் (இசைத்தாள்ல கோடு போட்டுப் பிரிச்ச தாளப் பகுதி) எனக்கு வரவே மாட்டேங்குது. தினமும் முழுப் பாட்டையும் பத்து தடவை வாசிக்கிறேன். வயலின், 16 வயசு.

பிரச்சனையே அந்தப் பத்து தடவைதான். வர்ற இடத்தைப் பத்து தடவை வாசிச்சு நல்லாக்குற, வராத இடத்தைப் பத்து தடவை தப்பா வாசிச்சு அந்தத் தப்பையே மனப்பாடம் பண்ற, விரலுக்கு சரி தப்பு தெரியாதுப்பா, எது அதிகமா வந்துச்சோ அதைத்தான் அது பிடிச்சுக்கும்.

முழுப் பாட்டை ஒரு வாரம் மூடி வை. நாலாவது பாரை மட்டும் எடு, தப்பே வராத அளவு மெதுவா, மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) 50ல கூட வெச்சுக்கோ. அது வந்ததும் மூணாவது பாரைச் சேர்த்து மூணு நாலு, அப்புறம் ரெண்டு மூணு நாலு, இப்படிப் பின்னால இருந்து கட்டிட்டு வா. அப்படிப் பண்ணா வாசிக்க வாசிக்கத் தெரிஞ்ச இடத்துக்குப் போயிட்டே இருப்ப, பயம் குறையும். வேகத்தை ஒரேயடியா ஏத்தாம நாலு நாலா ஏத்து. வில் எந்தப் பக்கம் போகுதுன்னு செக்‌ஷன் லீடர் குறிச்சது எதுவோ அதே மாதிரி ஆரம்பத்துல இருந்தே பழகு, கடைசி வாரத்துல போவிங்கை மாத்துறது விரலை மாத்துறதை விடக் கொடுமை.

கச்சேரி அன்னைக்கும் வரலைன்னா? ஒவ்வொரு பீட்டுக்கும் முதல் சுரத்தை மட்டும் பிடி, மத்ததை விட்டுடு. தப்பு சுரத்தை அடிச்சு விடுறதை விட சும்மா விடுறது செக்‌ஷனுக்கு நீ பண்ற உதவி. பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ராவுல இருக்கிறவங்களே ரொம்ப இக்கட்டான இடத்துல இதைப் பண்றதுண்டு.

ஆரம்பத்துல எல்லாரும் ஏன் ஓபோவை (ஊதுற வாத்தியம்) பாத்து ட்யூன் பண்றாங்க? ஆப் வெச்சுப் பண்ணக் கூடாதா?

ஆப் வெச்சு ஓபோ பிள்ளை தன்னோட ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸ்ல பிடிக்கட்டும், அது நல்லதுதான். இந்த 440ங்கிறது 1939ல லண்டன்ல நடந்த ஒரு மாநாட்டுல ஒத்துக்கிட்ட அளவு, சில ஆர்கெஸ்ட்ரா ஒண்ணு ரெண்டு மேல வெச்சுக்குவாங்க. ஓபோ சத்தம் மெல்லிசா ஊடுருவிப் போகும், கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேக்கும், நினைச்ச மாதிரி ஏத்தி இறக்கவும் அவ்வளவு லேசுல முடியாது, அதனால மத்தவங்கதான் அதுக்கு ஒத்துப் போகணும்.

ஆனா எல்லாரும் தனித்தனியா ஆப்பைப் பாத்து ட்யூன் பண்ணா காது தூங்கிப் போயிடும். மேடை லைட்டுல சூடு ஏற ஏற ஊதுற வாத்தியம் எல்லாம் மேல போகும், தந்தி வாத்தியம் தளர்ந்து கீழ இறங்கும், அரை மணி நேரத்துல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விலகி நிக்கும். அப்போ ஆப் மேடைல இருக்காது, பக்கத்துல இருக்கிற பிள்ளையோட சத்தம்தான் இருக்கும். புதுத் தந்தி மாட்டுறவங்க கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னாடியே மாட்டிடுங்க, முந்தின நாள் மாட்டினா மேடைல இறங்கிட்டே இருக்கும்.

பையனுக்குப் பரீட்சை வருது. ரிகர்சல் ரெண்டு மூணு விட்டா என்ன ஆயிடப் போகுது? கச்சேரிக்கு வந்துடுவான்ல?

சார், உங்க கவலை நியாயம், படிப்பு முக்கியம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். ரிகர்சல்ங்கிறது அவன் பார்ட்டைக் கத்துக்கிற இடம் இல்ல, அதை வீட்டுலயே கத்துக்கலாம். அது அடுத்தவங்க பார்ட்டைக் கத்துக்கிற இடம். எங்க கண்டக்டர் வேகத்தைக் குறைப்பாரு, எந்த இடத்துல செல்லோ மெட்டை எடுக்கும்போது இவன் ஒதுங்கணும், இதெல்லாம் வேற எங்கயும் கிடைக்காது. வீட்டுல அபாரமா வாசிக்கிற பிள்ளை, மூணு ரிகர்சல் விட்டுட்டு வந்து உக்காந்தா, பக்கத்துல இருக்கிற ஏழு பேரு சேந்து மெதுவா சுவாசிக்கிற இடத்துல தனியா ஒரு சுரம் நீட்டிட்டு நிப்பான், அவமானம் அவனுக்குத்தான்.

பரீட்சை தேதி எல்லாம் இன்னைக்கே கண்டக்டர்கிட்ட கொடுத்துடுங்க. செக்‌ஷனல்ல (ஒரே குழு மட்டும் தனியா பண்ற பயிற்சி) ஒண்ணு விடலாமா, முழு ரிகர்சல்ல எது விடக் கூடாதுன்னு அவரே சொல்லுவாரு. முந்தின நாள் ராத்திரி மெசேஜ் போடுறதுதான் யாருக்கும் பிடிக்காத விஷயம்.

நான் பசூன் (ஊதுற வாத்தியம்). பின்னாடியே டிரம்பெட். ரிகர்சல் முடிஞ்சா காதுல ரீங்காரம் கேக்குது. சொன்னா கேலி பண்றாங்க.

கேலியை விடும்மா, இதை உடனே சொல்லு. காதுல கேக்குற அந்த ரீங்காரம் எச்சரிக்கை மணி. 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரைக்கும் இருக்கலாம்னு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாக் குறையும், 100 டெசிபல்னா கால் மணி நேரம்தான். டிரம்பெட்டோட வாய் உன் தலைக்கு நேரா இருந்தா அந்த 100ஐத் தொடுறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.

டிரம்பெட் வரிசையைப் படி போட்டு உயர்த்தி உன் தலைக்கு மேல சத்தம் போற மாதிரி வைக்கலாம், நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டுல நகத்தலாம், நடுவுல இடம் விடலாம். இசைக்காரங்களுக்குன்னே காதடைப்பான் இருக்கு, பஞ்சு மாதிரி மொத்தமா அமுக்காம எல்லா சுரத்தையும் ஒரே அளவு குறைச்சுக் கொடுக்கும், ரெண்டு வாரம் போட்டுப் பழகணும். ரீங்காரம் அடுத்த நாளும் நிக்கலைன்னா காது டாக்டரைப் பாரு, கச்சேரி முடியட்டும்னு தள்ளிப் போடாத.

எனக்கு ஒரு சின்ன சோலோ இருக்கு. அதுல தப்பு பண்ணிட்டா கச்சேரியே போச்சுன்னு தூக்கம் வரலை.

1808 டிசம்பர் 22, வியன்னாவுல பீத்தோவன் ஒரு கச்சேரி வெச்சாரு. அவரோட அஞ்சாவது சிம்பொனியும் ஆறாவது சிம்பொனியும் அன்னைக்குத்தான் முதல் தடவையா ஊரு காதுல விழுந்துச்சு. ரிகர்சல் போதல, குளிர் வேற, நாலு மணி நேரம் ஓடின கச்சேரி, கடைசி உருப்படில ஆர்கெஸ்ட்ரா குழம்பி நடுவுல நின்னே போயிடுச்சு, நிறுத்தித் திரும்ப ஆரம்பிச்சாங்க. அந்த ராத்திரியோட இசை இன்னைக்கும் உலகம் முழுக்க வாசிச்சுட்டுதான் இருக்காங்க.

என் முதல் கச்சேரில நான் ரெண்டு பக்கத்தை ஒண்ணாத் திருப்பிட்டேன், எட்டு பார் வரைக்கும் எங்க இருக்கேன்னே தெரியல, பக்கத்துல இருந்த பொண்ணு வாசிச்சுட்டே முழங்கையால தட்டி இடத்தைக் காட்டினா. உன் சோலோவுக்கு அடியிலயும் யாரோ தாங்கிட்டு இருப்பாங்க, யாருன்னு ஸ்கோர்ல பாரு. அவங்களோட தனியா ரெண்டு தடவை வாசிச்சுப் பாரு. வீட்டுல அஞ்சு பேரை உக்கார வெச்சு, நடந்து வந்து, உக்காந்து, ஒரே தடவை, நிறுத்தாம வாசி. படபடப்பு போகாது, ஆனா அதுவும் பழகின படபடப்பா ஆயிடும். மூச்சை உள்ள இழுக்குறதை விட வெளிய விடுறதை நீட்டமா வெச்சுக்கோ.

சிம்பொனி நடுவுல கை தட்டலாமா? பெத்தவங்க சார்பா கேக்குறேன்.

மூவ்மென்ட்டுக்கு நடுவுல தட்டாம இருக்கிறதுதான் இப்போ வழக்கம், கண்டக்டர் கை கீழ இறங்கித் திரும்பினதும் தட்டுங்க. யாராவது முன்னாடியே தட்டிட்டா முறைக்காதீங்க, அந்தக் காலத்துல எல்லாம் தட்டுனதுதான்.

நாங்க பீத்தோவன் அஞ்சாவது வாசிக்கிறோம். முதல் சுரமே சேந்து விழ மாட்டேங்குது. கண்டக்டர் கை இறங்கும்போது யாரோ முந்துறாங்க, யாரோ பிந்துறாங்க. கிளாரினெட்.

ஏன்னா அந்த சிம்பொனி சுரத்துல ஆரம்பிக்கலை, மௌனத்துல ஆரம்பிக்குது. முதல் பாரோட முதல் இடத்துல ஒரு சின்ன ரெஸ்ட் இருக்கு பாரு, கண்டக்டர் கை விழுறது அதுல. நீங்க வாசிக்க வேண்டியது அதுக்கு அடுத்து. கை விழுந்ததைப் பாத்து "ஓ விழுந்துடுச்சு"ன்னு வாசிச்சா ஆளுக்கு ஒரு நேரம்தான் வரும். அந்த ரெஸ்ட்டையும் ஒரு சுரமா நினைச்சு எல்லாரும் சேந்து வாசிக்கணும், சத்தம் இல்லாம.

அந்த இடத்துல ஸ்ட்ரிங்ஸும் கிளாரினெட்டும் மட்டும்தான், மத்தவங்க எல்லாம் சும்மா இருப்பாங்க, அதனால உங்களுக்குள்ளயே இதைச் சரி பண்ணிக்கலாம். அடுத்த ரிகர்சலுக்குக் கால் மணி நேரம் முன்னாடி வாங்க. கண்டக்டர் வேண்டாம். ஃபர்ஸ்ட் வயலின் லீடர் மூக்கால சத்தமா மூச்சை இழுக்கட்டும், அதே மூச்சை நீங்களும் இழுங்க, மூணு தடவை எல்லாரும் கண்ணை மூடிட்டு அந்த மூச்சை மட்டும் கேட்டு வாசிங்க. நாலாவது தடவை கண்ணைத் திறந்து வாசிங்க.