மதர்போட் செத்தால் எழுப்பத் தெரிய வேண்டும்: ஃபேர்ம்வெயார் வேலை கேட்கும் மகனுக்கும் பயப்படும் அம்மாவுக்கும்

மாங்குளத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் தெரிகிறது. வீட்டிலிருக்கும் ஒரே லப்டொப்பை மகன் கழற்றிப் பழுதாக்கிவிடுவான் என்பது ஒன்று. உயர்தரப் பரீட்சை கிட்ட வரும் நேரத்தில், ஊரில் ஒருவரும் கேள்விப்படாத "கோர்பூட்" என்ற ஒன்றில் காலத்தைக் கரைக்கிறான் என்பது மற்றது. முதலாவது பயம் முழுக்க நியாயம், அதற்கு வழியும் இருக்கிறது. இரண்டாவதில் பாதிதான் நியாயம். அவன் சொல்வது உண்மையான தொழில். ஆனால் இடம் குறைந்த தொழில். இரண்டையும் வடிவாகச் சொல்கிறோம்.

கணினியின் பொத்தானை அமத்தியதும் விண்டோஸோ லினக்ஸோ உடனே வந்துவிடாது. மதர்போட்டில் எட்டுக் கால் உள்ள, நகத்தளவு சிப் ஒன்று இருக்கும். அதில் எழுதியிருப்பதுதான் முதலில் ஓடும். அதைத்தான் கடைக்காரர் பயொஸ் என்பார், பொதுப்பெயர் ஃபேர்ம்வெயார். அந்த நேரத்தில் ரேம் இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. புரொசசர் தன்னுடைய கேஷையே தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு உண்மையான ரேமைச் சோதித்து, நேர அளவுகளைச் சரிப்படுத்தி, பிறகு மற்றப் பாகங்களை ஒவ்வொன்றாக எழுப்பும். குளத்துத் தண்ணீர் திறக்க முதல் வாய்க்கால் துப்புரவாக்குகிற மாதிரி, இது முடிந்தால்தான் மற்றதெல்லாம். இந்த எழுத்து, அதாவது நிரல், பெரும்பாலும் வெளியார் வாசிக்க முடியாதபடி கம்பனிகள் மூடிவைத்த எழுத்து. அதை எல்லோரும் வாசித்துத் திருத்தக்கூடிய திறந்த எழுத்தாக்குவதுதான் கோர்பூட். 1999 இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ரொன் மினிக் "லினக்ஸ்பயொஸ்" என்ற பெயரில் தொடங்கினார். 2008 இல் பெயர் மாறியது. இன்று கூகுளின் குரோம்புக் லப்டொப்புகள் பெரும்பாலானவை இதில்தான் எழும்புகின்றன. ஆகவே மகன் பொழுதுபோக்குக்காரர்களின் கூட்டத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

இதன் அவசியத்துக்கு ஒரு உதாரணம் காணும். கணினி எழும்பும்போது திரையில் வரும் கம்பனி இலச்சினைப் படத்தை வாசிக்கும் பகுதியில் பிழை இருப்பதும், அந்தப் படத்தை மாற்றிவைத்தே கணினியைக் கைப்பற்றலாம் என்பதும் 2023 இல் வெளிவந்தது. "லோகோஃபெயில்" என்று பெயர். பல கம்பனிகளின் மூடிய பயொஸ்கள் ஒரே அடியில் பாதிக்கப்பட்டன. பழைய லப்டொப்புக்குக் கம்பனி திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்டால், அதை யார் திருத்துவது? இந்த வேலையின் பெரும் பகுதி அங்கேதான் கிடக்கிறது.

இனித் தம்பிக்கு.

வீட்டு லப்டொப்பின் பயொஸ் சிப்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் அதில் லினக்ஸ் போட்டு, கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் கோர்பூட்டை ஓட்டுங்கள். கட்டமைக்கும் பட்டியலில் கியூஎமு போட் ஒன்றையும் பேலோட்டாக, அதாவது கோர்பூட் தன் வேலை முடிந்ததும் ஓட்டும் அடுத்த மென்பொருளாக, சீபயொஸையும் தெரிவுசெய்யலாம். நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். இதற்கென்று தனியாக ஒரு கம்பைலர் தொகுதியைக் கட்ட வேண்டும். பழைய கணினியில் அதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், நின்றுவிட்டது என்று நினைத்து இடையில் அடைத்துவிடாதீர்கள். கணினியில் இருக்கும் வழமையான கம்பைலரை வைத்துச் சமாளிக்கலாம் என்று பலர் பார்ப்பார்கள். விளங்காத பிழைகள் அங்கிருந்துதான் வரும். மூலநிரலையும் அதன் துணைத் தொகுதிகளையும் இறக்க நிறைய டேட்டா போகும். கைபேசி இணைப்பென்றால் இரவுப் பொதியில் இறக்குங்கள். எல்லாம் சரியென்றால் சீபயொஸ் எழும்பி "எழுப்ப ஒரு டிஸ்க்கும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லும். அது பிழையில்லை. நீங்கள் கட்டிய ஃபேர்ம்வெயார் தன் வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கிறது.

உண்மையான போட் என்றால் பழைய திங்க்பாட் எக்ஸ்230 லப்டொப் நல்லது. அதன் ரேமை எழுப்பும் எழுத்தே கோர்பூட்டில் திறந்தபடி இருக்கிறது. புதிய இன்டெல் போட்களில் அந்தப் பகுதி கம்பனியின் மூடிய துண்டாகத்தான் வரும். படிப்பதற்கு அது உதவாது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எக்ஸ்230 இலும் இன்டெலின் மனேஜ்மென்ட் என்ஜின் (புரொசசருக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் சின்னக் கணினி), விசைப்பலகையையும் பற்றரியையும் கவனிக்கும் சின்னக் கொன்ட்ரோலர் ஆகியவற்றின் மென்பொருள் மூடியபடியேதான் இருக்கும். "முழுக்கத் திறந்தது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கருவிகள் அதிகம் இல்லை. சிப்பைக் கவ்வும் எட்டுக் கால் கிளிப் ஒன்று, எழுதும் கருவி ஒன்று, ஃபிளாஷ்ரொம் என்ற இலவச மென்பொருள். கடைகளில் கிடைக்கும் மலிவான கறுப்பு சிஎச்341ஏ கருவியில் ஒரு குறை உண்டு. மின்கால் 3.3 வோல்ட் தந்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். எக்ஸ்230 இன் சிப் 3.3 வோல்ட்டுக்குரியது. பல தடவை தப்பிவிடும், ஒரு நாள் தப்பாது. அதைத் திருத்தாமல் பாவிக்க வேண்டாம். எழுதும் கருவியாக ராஸ்பெரி பை பிகோ என்ற சின்ன போட்டை வாங்கினால் எல்லாக் கால்களும் 3.3 வோல்ட்டிலேயே இருக்கும், விலையும் பெரிதில்லை. அண்மைக்கால லப்டொப்புகள் பலவற்றில் சிப் 1.8 வோல்ட். அதில் 3.3 கொடுத்தால் சிப் போய்விடும். சிப்பின் முதுகிலுள்ள இலக்கத்தைக் கைபேசியால் படமெடுத்துப் பெருப்பித்து வாசித்து, தரவுத்தாளில் வோல்ட்டைப் பார்க்காமல் கிளிப்பைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது.

எக்ஸ்230 இல் இரண்டு சிப், 8 மெகாபைட்டும் 4 மெகாபைட்டும், மொத்தம் 12. விசைப்பலகையையும் கை வைக்கும் தட்டையும் கழற்றி, கறுப்புத் தாளை மெல்லத் தூக்கினால் தெரியும். அதற்கு முதல் சார்ஜரைக் கழற்றுங்கள், பற்றரியைக் கழற்றுங்கள், உள்ளே இருக்கும் காசு போன்ற சின்ன பற்றரியையும் கழற்றுங்கள். இந்த மூன்றில் ஒன்றை மறப்பதால்தான் பாதிப் பிரச்சினை. சிப்பின் மூலையில் ஒரு புள்ளி இருக்கும், அது முதலாம் கால். கிளிப்பின் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வர வேண்டும். வயர் ஒரு சாண்கூட இருக்கக் கூடாது, நீண்டால் தரவு குழம்பும். எங்கள் பக்கத்துக் கிரவல் தூசி கால்களில் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துவிட்டுக் கவ்வுங்கள்.

இப்போது எழுத வேண்டாம், வாசியுங்கள். இரண்டு சிப்பையும் தனித்தனியாக இரண்டு தடவை. ஒவ்வொரு பிரதிக்கும் சரிபார்ப்பு எண் (எஸ்எச்ஏ-256) எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை, திரும்பப் பிடியுங்கள். கோப்பு முழுக்கப் பூச்சியமாகவோ முழுக்க எஃப்எஃப் ஆகவோ இருந்தால் கருவி சிப்பைக் காணவேயில்லை. ஒத்துவந்த பிரதிகளைப் பென்டிரைவிலும் இன்னொரு கணினியிலும் வையுங்கள். உங்கள் லப்டொப்பின் வலையமைப்பு முகவரி எண் அதற்குள்தான் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வேறொருவரின் கோப்பை முழுதாக எழுதினால் அவருடைய எண் உங்களுக்கு வந்து சேரும்.

முதல் தடவை 4 மெகாபைட் சிப்பில் மட்டும் எழுதுங்கள். எழும்பும் முதல் வரி அங்கேதான் இருக்கிறது. மனேஜ்மென்ட் என்ஜின் 8 மெகாபைட் சிப்பில் இருப்பதால் அதைத் தொடவே தேவையில்லை. கட்டும்போது கோர்பூட்டின் கோப்புப் பகுதியின் (சிபிஎஃப்எஸ்) அளவை 4 மெகாபைட்டுக்குள் வைத்து, வந்த 12 மெகாபைட் கோப்பின் கடைசி 4 மெகாபைட்டை வெட்டி எடுக்க வேண்டும். முதல் 4 மெகாபைட்டை வெட்டி எழுதிவிட்டு, திரை வரவில்லை என்று தலையில் கைவைப்பவர்கள் ஏராளம். சரியாக எழுதியிருந்தாலும் முதல் தடவை ரேமைப் பழக்கச் சில வினாடி கூடப் பிடிக்கும். அந்த முடிவு சிப்பில் பதிந்து அடுத்த தடவை கெதியாக எழும்பும்.

அம்மா, இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பிழையாக எழுதியதால் போட் செத்தாலும் அது உண்மையான சாவு இல்லை. எடுத்துவைத்த பிரதியைத் திரும்ப எழுதினால் பழையபடி எழும்பும். எழுதுகிற கணினியில் நல்ல பற்றரி இருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை, சிப்புக்கு மின்சாரம் அந்தக் கணினியின் யூஎஸ்பி வழியாகத்தான் போகிறது. பிரதி இல்லாமல் எழுதியவனுக்குத்தான் இழப்பு.

சிப்பில் எழுதப் பழகுவது தொழிலின் வாசற்படி. சம்பளம் கிடைப்பது பராமரிப்புக்கு. ஒரு பொதுப் பகுதியில் யாரோ செய்த திருத்தம், வேறு மூலையில் ஒரு லப்டொப்பைத் தூக்கத்திலிருந்து எழும்பவிடாமல் செய்யும். எந்தத் திருத்தம் என்று தெரியாது, இடையில் ஆயிரம் திருத்தம் இருக்கும். நடுவிலுள்ளதைக் கட்டி எழுதிப் பார்த்து, பிழை எந்தப் பாதியில் என்று பிரித்து, மீண்டும் அதன் நடுவுக்குப் போக வேண்டும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் இதற்கென்றே வசதி உண்டு. ஆயிரத்துக்குப் பத்துத் தடவை காணும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கட்டி, எழுதி, எழுப்பி, தூங்கவைத்துப் பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர் மூன்றாவது தடவையில் ஊகிக்கத் தொடங்குவார், அதோடு அந்த நாள் வீண். போட்டைக் கையில் வைத்துச் சோதிக்க ஆளில்லாவிட்டால் அந்த போட்டே பட்டியலிலிருந்து போகும். 2019 நவம்பரில் வந்த கோர்பூட் 4.11 வெளியீட்டுக்குப் பிறகு, புதிய நிபந்தனைகளுக்கு மாற்றப்படாத பல போட்கள் அப்படித்தான் நீக்கப்பட்டன. பழைய போட் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெளியீட்டையும் சோதித்து, பதிவுகளோடு அறிக்கை எழுதும் ஒருவர் மாங்குளத்தில் இருந்தாலும் மியூனிக்கில் இருந்தாலும் மதிப்பு ஒன்றுதான்.

திருத்தம் அனுப்பும் இடம் கெரிட் என்ற இணையத்தளம். அங்கே மற்றவர்கள் வரிக்கு வரி கேள்வி கேட்பார்கள். குறைந்தது 24 மணித்தியாலமாவது பார்வைக்கு விடுவது வழக்கம், புதியவருக்கு வாரங்களும் ஆகலாம். கேள்வி கேட்டால் கோபிக்கக் கூடாது, பதில் எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகள் தடக்குவது நிரலில் அல்ல, இங்கேதான். ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதப் பயந்து பின்வாங்குகிறார்கள். என்ன பிழை, ஏன் வந்தது, எப்படித் திருத்தினேன், எந்த போட்டில் சோதித்தேன் என்ற நான்கும் சின்னச் சின்ன வசனமாக இருந்தால் போதும். ஏற்கப்பட்ட பழைய திருத்தங்களின் குறிப்புகளைத் தினமும் பத்து வாசித்தால் அந்த நடை தானே வரும். இன்னொன்று: கம்பனிகளிலிருந்து களவாக வெளிவந்த மூலநிரலைப் பார்த்து எழுதவே கூடாது. ஒவ்வொரு திருத்தத்திலும் "இதைத் தர எனக்கு உரிமை உண்டு" என்று பெயர் போட்டுத்தான் அனுப்புகிறீர்கள்.

படிப்புக்கு வருவோம். உயர்தரத்தை விடுவதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை. பொறியியற் பீடத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். "கணினிதானே" என்று இரசாயனவியலை விட்டு தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுத்தால் பொறியியல் வாசல் அடைபடும். அது தெரியாமல் மாற்றிவிட்டுப் பிறகு அழுவதில் பயனில்லை. கணினி விஞ்ஞானப் பட்டங்களுக்கான பாடச் சேர்க்கை வேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தூரம் போக வேண்டும் என்றும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. கணினிப் பொறியியலும் மின், இலத்திரனியற் பொறியியலும் அங்கு உண்டு. இரண்டில் எதுவும் இந்த வேலைக்குப் பொருந்தும். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் அதே அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். எங்கே படித்தாலும் சி மொழியைச் சுட்டிகள் வரை ஆழமாகப் படிக்க வேண்டும். பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்ஸ்) எண்களில் கை ஓட வேண்டும். பௌதிகவியலின் இலத்திரனியல் அலகைப் புள்ளிக்காக மட்டும் படித்துவிட்டு மறக்கக் கூடாது.

வேலை எங்கே? கோர்பூட் மட்டும் செய்து சம்பளம் தரும் நிறுவனங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். கூகுள், ஜேர்மனியின் நைன்எலமன்ட்ஸ், போலந்தின் த்ரீஎம்டெப், அமெரிக்காவின் சிஸ்டம்76 போன்றவை. அதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டோம். அதே அறிவோடு சின்னக் கருவிகளை எழுப்பும் யூ-பூட், லினக்ஸ் டிரைவர்கள், சேர்வர்களைக் கவனிக்கும் ஓப்பன்பிஎம்சி ஆகியவற்றையும் பழகினால் வாசல் பல மடங்கு அகலும். தொழிற்சாலைக் கருவி, ரவுட்டர், வாகனம் என்று எழும்பும் எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள் தேவை. இடையில் கைச்செலவுக்கு, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ திருத்தும் கடைகளுக்குப் பயொஸ் சிப் மீட்டுக் கொடுக்கலாம். மகனுக்கு 18 ஆனபின், திறந்த மென்பொருளுக்குப் பங்களிக்கப் புதியவர்களைப் பழக்கும் கூகுள் சம்மர் ஒவ் கோட் திட்டம் இருக்கிறது. 2022 முதல் பல்கலைக்கழக மாணவர் அல்லாத புதியவர்களும் விண்ணப்பிக்கலாம், கொடுப்பனவும் உண்டு. கோர்பூட் பல வருடங்கள் அதில் பங்கெடுத்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பிக்க முதலே இரண்டு மூன்று திருத்தம் ஏற்கப்பட்டிருந்தால்தான் பெயர் தெரியும். ஆகவே பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை இருக்கும் மாதங்கள்தான் அதற்குரிய காலம். அதுவரை கிழமைக்கு ஒரு பின்னேரம் கியூஎமுவோடு நிற்கட்டும்.

வீட்டு லப்டொப்பைத் தொட அவன் அனுமதி கேட்கும் நாள் வரும். அன்றைக்கு ஒவ்வொரு சிப்பினதும் இரண்டு பிரதிகளின் சரிபார்ப்பு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 64 எழுத்தும் இலக்கமும் இருக்கும். உங்களுக்குக் கணினி தெரியத் தேவையில்லை, விரலை வைத்து ஒன்றொன்றாக ஒப்பிடலாம். ஓரெழுத்து மாறினாலும் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.