டியூப் ஆம்ப்: கெயின், மாஸ்டர், பவர் ஸ்விட்ச் – கேள்வி பதில்

இருபது வருஷமாக டியூப் ஆம்ப், அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களில் (டியூப்) ஓடும் கிட்டார் ஒலிபெருக்கி, பழுதுபார்ப்பதுதான் என் வேலை. எந்தக் குமிழ் என்ன செய்கிறது என்று தாராளமாகக் கேளுங்கள். முதலில் ஒன்று: ஸ்பீக்கர் மாட்டாமல் டியூப் ஆம்ப்பை ஆன் செய்யாதீர்கள்.

அண்ணா, கெயின், மாஸ்டர் இரண்டும் சத்தத்தைத்தானே கூட்டுது? எதை எங்கே வைக்கணும்?

இரண்டும் கூட்டும், ஆனால் இருக்கும் இடம் வேறு தம்பி. கெயின், பிரீஆம்ப்பின் (கிட்டாரின் சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) ஆரம்பத்திலேயே இருக்கிறது. அதை ஏற்ற ஏற்ற 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன டியூப்கள் திணறி, ஒலி கரகரக்கும். அந்தக் கரகரப்பு ஸ்பீக்கரை இயக்கும் பெரிய பவர் டியூப்களுக்கு எவ்வளவு போகிறது என்பதை மாஸ்டர் தீர்மானிக்கும். அறுபதுகளின் மார்ஷல் கம்பெனி ஆம்ப்களில் மாஸ்டரே கிடையாது. கரகரப்பு வேண்டுமென்றால் மொத்த ஆம்ப்பையும் அலறவிட வேண்டும். 1975-ல் வந்த 2203 மாடலில்தான் மார்ஷல் மாஸ்டர் வைத்தார்கள்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். மாஸ்டர் 2, கெயின் 7. அடுத்து கெயின் 3, மாஸ்டரை அக்கம்பக்கம் தாங்கும் வரை. முதலாவதில் ஒலி இறுக்கமாக, கொஞ்சம் தேனீ ரீங்காரம் போல வரும். இரண்டாவதில் கம்பியை ஓங்கித் தட்டினால் ஒலி ஒரு நொடி அமுங்கி மறுபடி எழும். அது பவர் டியூப்பின் வேலை. அப்படியே கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்குங்கள். சத்தத்துக்கு முன்னால் கரகரப்பு குறையும். இதைக் காதால் கேட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மாஸ்டர் 3-லேயே கத்துது, 6-க்கு மேல் வித்தியாசமே இல்லை. பழுதா?

இல்லை. அதற்குள் பவர் டியூப் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் கூடுவது கரகரப்புதான்.

100 வாட், 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தமா?

வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால்தான் 50-லிருந்து 5 வாட்டுக்குப் பவர் ஸ்விட்சைத் தள்ளியும் அபார்ட்மென்ட்டில் சத்தம் பாதிக்குத்தான் இறங்குகிறது. இரவில் வாசிக்க, ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டென்யுவேட்டர் (ஆம்ப்பின் பவரில் ஒரு பங்கைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் பெட்டி) வையுங்கள். அதன் ஓம் (மின்தடை அளவு), ஆம்ப்பின் ஓமோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்த சத்தத்தில் வாசிக்கும்போது காது பாஸை குறைவாகத்தான் கேட்கும். அதற்கு ஆம்ப்பைக் குறை சொல்லாதீர்கள், பாஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு லைன் அவுட்டில் ரெக்கார்ட் பண்ணலாமா?

லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பின் பவரை வாங்கிக்கொள்ளும் பெட்டி) இல்லாமல் கூடாது. போன மாதம் 50 வாட் ஹெட் (உள்ளே ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப் பெட்டி) ஒன்று வந்தது. ஒத்திகை நடுவே ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கிறது. சத்தம் வரவில்லையே என்று வாசித்தவர் வால்யூமை ஏற்றியிருக்கிறார். மூடியைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் வாடை. இஎல்34 பவர் டியூப்பின் சாக்கெட்டில் இரண்டாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே பென்சிலால் இழுத்ததுபோல் கரிக்கோடு. போக வழியில்லாத வோல்ட்டேஜ் அங்கே பாய்ந்திருக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்ற வேண்டியதாயிற்று.

ஸ்டாண்ட்பையில் (டியூப் சூடாகும், ஹை வோல்ட்டேஜ் போகாத நிலை) இரண்டு நிமிஷம் வைக்காவிட்டால் டியூப்பில் எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு உரிந்துவிடும். இதை ஏன் யாருக்கும் சொல்லவில்லை?

அது நடக்காது என்பதால். அந்தப் பயம் பல ஆயிரம் வோல்ட்டில் ஓடும் டிரான்ஸ்மிட்டர் டியூப்களுக்கு உரியது. கிட்டார் ஆம்ப்பில் இருப்பது 300 முதல் 500 வோல்ட்.

(அதே நபர்) அப்படியானால் ஃபெண்டர் கம்பெனி எதற்கு அந்த ஸ்விட்சை வைத்தார்கள்?

ஃபெண்டரின் சின்ன ஆம்ப்களான சாம்ப்பையும் பிரின்ஸ்டனையும் பாருங்கள் ஐயா. ஸ்டாண்ட்பையே இல்லை. அறுபதுகளில் வந்தவை இன்றும் என் மேசைக்கு வருகின்றன. கேத்தோடு உரிந்து வந்தது ஒன்றுகூட இல்லை.

(இன்னொருவர்) என் ஆம்ப்பில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் டியூப் இல்லை, டையோடுதான். ஹை வோல்ட்டேஜ் உடனே ஏறிவிடுமே?

நியாயமான கேள்வி. ஏறும். ஸ்டாண்ட்பையில் அரை நிமிடம் காத்திருங்கள், நானும் காத்திருப்பேன். ஆனால் ஜிஇசட்34 போன்ற ரெக்டிஃபையர் டியூப் இருந்தால் கதை தலைகீழ்: அது தானாகவே மெதுவாகத்தான் வோல்ட்டேஜை ஏற்றும். சூடான பிறகு ஸ்டாண்ட்பையைத் தட்டினால் கரன்ட் மொத்தமாகப் பாய்ந்து அந்த டியூப்பைத்தான் அடிக்கும். மணிக்கணக்கில் ஸ்டாண்ட்பையில் விடுவதும் தப்பு. கரன்ட் ஓடாமல் ஹீட்டர் (டியூப்பைச் சூடாக்கும் இழை) மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் கேத்தோடு மந்தமாகிவிடும். கச்சேரி இடைவேளைக்கு வையுங்கள். சாப்பிடப் போனால் அணைத்துவிடுங்கள்.

(மூன்றாமவர்) ஸ்டாண்ட்பை பற்றி எங்கள் கிட்டார் ஆசிரியர் வேறு மாதிரி சொன்னாரே?

காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

டொராண்டோவில் வாங்கிய ஆம்ப்பைச் சென்னைக்குக் கொண்டுவருகிறேன்.

பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-ல் நேராகச் செருகாதீர்கள். 22 வாட் ஆம்ப்புக்கு 300 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். அது வோல்ட்டைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். முதல் வாரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

எந்த டிலே பெடல் நல்லது?

என் துறை இல்லை.

ஸ்பீக்கர் இல்லாமல் ஒரே ஒரு நிமிஷம்…

வேண்டாம். கம்பிகளை ஒரு முறை ஓங்கித் தட்டினாலே போதும், அந்தக் கரிக்கோடு விழ. கிட்டார் கேபிளையும் ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள். அதன் உள்கம்பி மெல்லியது, சூடாகி அறுந்தால் அதுவும் ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்தான்.