அருங்காட்சியகத்தில் என்ன வேலை இருக்கிறது? விஸ்காம் படிக்கும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். மதுரையில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், சினிமாவும் வேண்டாம், விளம்பர நிறுவனமும் வேண்டாம், அருங்காட்சியகங்களுக்கும் பழைய அரண்மனைகளுக்கும் டிஜிட்டல் காட்சிகள் செய்யப் போகிறேன் என்கிறாள். "உடைந்த பானையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற இடத்தில் இவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று அவள் அப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அருங்காட்சியகம் நேரடியாகச் சம்பளம் கொடுக்காது. அதற்குக் காட்சி அமைத்துத் தருகிற நிறுவனம்தான் கொடுக்கும். இது புரிந்துவிட்டால், அடுத்து என்ன படிப்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அரசோ ஒரு அறக்கட்டளையோ அருங்காட்சியகம் அமைக்க முடிவெடுத்தால் டெண்டர் விடுவார்கள். வேலையை எடுக்கும் நிறுவனம் ஆய்வாளர், கதை எழுதுபவர், ஓவியர், அனிமேட்டர், ஒலி வடிவமைப்பாளர், புரோகிராமர் என்று ஆள் சேர்க்கும். 2022 ஏப்ரலில் டெல்லி தீன்மூர்த்தி வளாகத்தில் திறந்த பிரதமர்கள் அருங்காட்சியகத்தில் ஹோலோகிராம், மெய்நிகர் காட்சி எல்லாம் வந்தது இந்த வழியில்தான். அறிவியல் மையங்களை நடத்தும் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் மட்டும், காட்சிப்பொருட்களைத் தன் பட்டறைகளிலேயே வடிவமைக்கிற வழக்கம் வைத்திருக்கிறது. பெங்களூரில் 2023 பிப்ரவரியில் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்தைப் போன்ற தனியார் இடங்களும் டிஜிட்டல் வேலைக்கென்று ஆள் வைத்துக்கொள்கின்றன. கட்டடம் திறப்பதற்கு முன்பே, 2020 டிசம்பரில், இணையத்தில் தன்னைத் தொடங்கிக்கொண்ட அருங்காட்சியகம் அது. ஆனால் இந்தியா முழுவதும் எண்ணினாலும் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. நிரந்தர அரசுப் பணி என்று நினைத்து இந்தத் துறைக்கு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மதுரைக்காரருக்கு இந்தத் தொழில் புதிதும் இல்லை. திருமலை நாயக்கர் மகாலின் மாலை நேர ஒலி-ஒளிக் காட்சியை உங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வசனம் எழுதினார், ஒருவர் குரல் கொடுத்தார், ஒருவர் இசை அமைத்தார், எந்தத் தூணில் எப்போது வெளிச்சம் விழ வேண்டும் என்று ஒருவர் யோசித்தார். அவர்கள் செய்ததைத்தான் இன்றைய கருவிகளோடு உங்கள் மகள் செய்ய நினைக்கிறாள். அவள் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

இனி மகளுக்கு. கடிதத்தோடு, ஒரு இடத்தைப் பற்றி அவள் செய்த காணொளியையும் அனுப்பியிருந்தீர்கள். ட்ரோன் காட்சி, வேகமான இசை, பறந்து வரும் எழுத்துகள். கை நன்றாக வருகிறது. ஆனால் பார்த்து முடித்ததும் அந்த இடத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவில்லை. பொருளின் முன்னால் நிற்கிறவர் கூடுதலாக இரண்டு நிமிடம் நின்று உற்றுப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை. திரையைப் பார்த்துவிட்டுப் பொருளைப் பார்க்காமல் நகர்ந்தால் செலவழித்த பணம் வீண்.

கீழடி உங்கள் ஊருக்குப் பக்கம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்கு அவளை ஒருமுறை நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள். 'ஆதன்' என்ற பெயர் தமிழியில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தில், கீறப்பட்ட பானை ஓட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கட்டும். பானையின் தோள்பகுதியில் யாரோ கூர்மையான எதையோ வைத்துக் கீறிய கோடுகள். நேர் வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் கீறல் போலத்தான் தெரியும். பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் விழுந்தால் பள்ளத்தில் நிழல் தங்கும், எழுத்து எழுந்து நிற்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் அதிகாலையிலும் சாயங்காலமும் கல்லைப் பார்க்க விரும்புவது இதனால்தான். கேமராவை அசையாமல் வைத்து, விளக்கை மட்டும் சுற்றிலும் இடம் மாற்றி மாற்றிப் படமெடுத்து, அத்தனை படங்களையும் கணினியில் சேர்த்தால், பார்வையாளர் திரையில் விரலை நகர்த்த நகர்த்த வெளிச்சத்தின் திசை மாறும். ஒரு குழந்தை தானாகவே அந்த எழுத்தைக் கண்டுபிடிக்கும். பெரிய செலவில்லாத இந்த வேலை, பெரிய ஹோலோகிராமைவிட எனக்கு உயர்வாகத் தெரிகிறது.

உங்கள் மகள் முதலில் செய்து பார்க்க வேண்டியதும் இதுதான். அருங்காட்சியகப் பொருளைப் படமெடுக்க அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். அதுவரை குயவரிடம் உடைந்த பானை ஓடு ஒன்றை வாங்கி, அதில் தன் பெயரைத் தமிழியில் கீறி, மேசை விளக்கோடு வீட்டிலேயே முயலட்டும். பிறகு அந்தத் திரையை ஆறு வயதுப் பிள்ளையிடமும் அறுபது வயதுப் பெரியவரிடமும் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதிவைக்கட்டும். நேர்காணலில் ட்ரோன் படத்தைவிட இந்தக் குறிப்பேட்டைத்தான் அதிக நேரம் புரட்டுவார்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். நியூயார்க்கில் உள்ள கூப்பர் ஹெவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2015இல் பார்வையாளர்கள் கையில் ஒரு டிஜிட்டல் பேனாவைக் கொடுத்தது. பிடித்த பொருளின் பெயர்ப்பலகையைப் பேனாவால் தொட்டால் அந்தப் பொருள் சேமிக்கப்பட்டது. வீட்டுக்குப் போய், நுழைவுச்சீட்டில் இருந்த இணைய முகவரியைத் திறந்தால் தொட்ட பொருட்களெல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு அறையில் அந்த மாதிரிப் பேனாவால் மேசையில் கோடு போட்டால் அது சுவர் முழுக்க வால்பேப்பராக விரிந்தது. அழகான யோசனை. அவளிடம் இதைப் பற்றித் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

அதே சமயம், நம் ஊரில் பல இடங்களில் தொடுதிரை மேல் 'பழுது' என்று தாள் ஒட்டியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் போன ஒரு அருங்காட்சியகத்தில் வரிசையாக இருந்த திரைகளில் பாதிக்கு மேல் இருட்டாகக் கிடந்தன. காவலரிடம் கேட்டால், "போட்டவங்க வந்து பார்க்கணும்" என்றார். திறப்பு விழா முடிந்ததும் பராமரிப்புக்குப் பணமும் ஆளும் இல்லாமல் போவது இந்தத் துறையின் பெரிய நோய். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மின்சாரம் போய் வந்தால் தானே மறுபடி தொடங்கும்படியும், கெட்டுப்போனால் உள்ளூர்க்காரர் சரிசெய்யும்படியும் காட்சியை அமைக்கத் தெரிந்த பெண்ணுக்கு வேலை கிடைக்கும் என்று தைரியமாகச் சொல்வேன்.

இன்னொன்றையும் அவள் சீக்கிரமே கற்றுக்கொள்ள வேண்டும். தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்டுவது. கீழடிக்குப் பக்கத்தில் உள்ள பழைய இடுகாடான கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளிலிருந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து கணினியில் முகங்களை உருவாக்கியதை 2025இல் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எலும்பின் அமைப்பு மண்டையோட்டிலேயே இருக்கிறது. தோல் நிறம், முடி, பார்வை என்று வரும்போது ஊகம் கலக்கிறது. கணினிச் சித்திரம் பார்க்க அவ்வளவு உறுதியாக இருப்பதால் மக்கள் அனைத்தையும் அப்படியே நம்பிவிடுவார்கள். எந்த முடிவுக்கு என்ன ஆதாரம் என்று பதிவுசெய்ய வேண்டும் என வலியுறுத்தும் லண்டன் சாசனம் என்றே ஒன்று இதற்காக இருக்கிறது. சிறிய ஆவணம்தான், அவள் படிக்கட்டும்.

சரி, படிப்பு. அருங்காட்சியகவியல் பட்டத்துக்கு இப்போதே போக வேண்டாம் என்பது என் கருத்து. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்திலும் நொய்டாவில் உள்ள இந்திய பாரம்பரிய நிறுவனத்திலும் நல்ல முறையில் சொல்லித்தருகிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் பொருட்களைப் பாதுகாப்பவர்களுக்கான வழி. இவளுக்குக் கைத்தொழில் முதலில் வேண்டும். மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு என்பதால் சீட் (CEED) எனப்படும் வடிவமைப்பு முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதலாம். வழக்கமாக அக்டோபரில் விண்ணப்பம் தொடங்கும், ஜனவரியில் தேர்வு. ஐஐடி மும்பையில் இன்டராக்ஷன் டிசைன் (திரையையும் கருவியையும் மக்கள் எளிதாகக் கையாளும்படி வடிவமைப்பது) முதுநிலைக்கு அந்த மதிப்பெண் வேண்டும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் நியூ மீடியா டிசைன் இருக்கிறது, அதற்குத் தனித் தேர்வு. இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் ஏதாவது ஸ்டுடியோவில் வேலை பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும். அந்த அனுபவம் வீணாகாது.

பணம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கச் சம்பளம் ஐடி நிறுவனத்தோடு ஒப்பிட்டால் குறைவு. ஒப்பந்த வேலை என்றால் கட்டம் கட்டமாகத்தான் பணம் வரும், தாமதமும் ஆகும். ஆனால் அவள் கற்கும் முப்பரிமாண வடிவமைப்புக்கும் யூனிட்டி போன்ற மென்பொருளுக்கும் விளையாட்டு, கட்டடக்கலை, கல்வி, சினிமா என்று நாலு பக்கமும் தேவை இருக்கிறது. அருங்காட்சியக வேலை இல்லாத மாதங்களில் அதை வைத்து ஓட்டலாம். இந்தத் துறையில் பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள். திருமணப் பேச்சில் "பொண்ணு என்ன வேலை பார்க்கிறாள்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் எழுதியிருந்தீர்கள். டிசைனர் என்று சொல்லுங்கள், போதும்.

கடைசியாக, விலை உயர்ந்த மடிக்கணினியும் மெய்நிகர் காட்சி பார்க்கும் விஆர் கண்ணாடியும் கேட்கிறாள் என்றீர்கள். கண்ணாடி இப்போது வேண்டாம். தனி கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ராமும் உள்ள கணினி போதும், டெஸ்க்டாப் என்றால் இன்னும் மலிவாக முடியும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம். மிச்சப்படும் பணத்தில் ஒரு நல்ல டிரைபாடும் இரண்டு எல்இடி விளக்கும் வாங்கிக்கொடுங்கள். அந்தப் பானை ஓட்டைப் படமெடுக்க அவைதான் முதலில் தேவைப்படும். படங்களைச் சேர்த்து முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு எந்தெந்த ஸ்டுடியோக்களில் பயிற்சிக்குக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.