அமெரிக்காவில் டிரக் டிரைவர் மெசேஜ் பார்த்துக்கொண்டே வந்து மோதினால் சட்டப்படி என்ன ஆகும்?

உங்கள் அண்ணனின் காரை நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து ஒரு டிரக் மோதியது, டிரைவர் கையில் போன் இருந்ததைப் பக்கத்துக் காரில் வந்தவர் பார்த்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டிரைவர் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவாரா, கம்பெனியைக் கேட்க முடியாதா என்பது உங்கள் கேள்வி.

அபராதம் இதில் மிகச் சின்ன விஷயம். கம்பெனியைத் தாராளமாகக் கேட்கலாம், நஷ்ட ஈடு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஆனால் டிரைவர் போன் பார்த்தார் என்பதற்கான சான்றுகள் நாளாக ஆக ஒவ்வொன்றாக அழிந்துபோகும். அதனால் அண்ணன் படுக்கையில் இருக்கும்போதே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விபத்தில் அடிபட்டவர்கள் பக்கம் நிற்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஆவணங்களைத் திரட்டி அடுக்குவது என் வேலை. நான் வக்கீல் இல்லை. அந்த வேலையில் கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். கார் ஓட்டுபவர்களுக்கான போன் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றிச் செல்லும் டிரக் டிரைவர்களுக்கோ மத்திய அரசின் விதியே இருக்கிறது. ஓட்டும்போது மெசேஜ் கூடாது என்பது 2010 அக்டோபரிலிருந்தும், போனைக் கையில் பிடித்துப் பேசவே கூடாது என்பது 2012 ஜனவரியிலிருந்தும் அமலில் உள்ளது. மெசேஜ் அனுப்புவது மட்டுமல்ல, வந்ததை வாசிப்பதும் குற்றம். மின்னஞ்சல், இணையப் பக்கம் எல்லாம் இதில் அடங்கும். சிக்னலிலோ நெரிசலிலோ வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அதை ஓட்டுவதாகத்தான் கொள்வார்கள். போலீஸை அவசரமாக அழைப்பது போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

விதி வந்தபோது டிரைவருக்கு 2,750 டாலர் வரை, கம்பெனிக்கு 11,000 டாலர் வரை அபராதம் என்றார்கள். டிரைவர்கள் அதைவிட அஞ்சுவது லைசென்ஸுக்குத்தான். மூன்று ஆண்டுகளுக்குள் இப்படி இரண்டு முறை தண்டிக்கப்பட்டால் 60 நாள், மூன்று முறை என்றால் 120 நாள் டிரக் ஓட்ட முடியாது. உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஆனால் மாநிலச் சட்டப்படி கிரிமினல் வழக்கு தனியாக வரும்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அரிசோனா வழக்கு ஒன்றே போதும். 2023 ஜனவரியில் சாண்ட்லர் நகருக்கு அருகே ஐ-10 நெடுஞ்சாலையில், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டிகள் மீது ஒரு டிரக் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். கம்பெனியிலிருந்து டேப்லெட்டில் வந்த மெசேஜைப் பார்த்ததாக டிரைவர் முதலில் சொன்னார். போனைச் சோதித்தபோது மோதிய நேரத்தில் டிக்டாக் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவருக்கு 22½ ஆண்டு சிறை. வாய்ச்சொல்லை எது மாற்றியது பாருங்கள். போன் பதிவுதான்.

கிரிமினல் வழக்கை நடத்துவது அரசு. அதில் டிரைவர் ஜெயிலுக்குப் போனாலும் அண்ணனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இழந்த சம்பளத்துக்கும் அது ஈடாகாது. அதற்கு நீங்கள் தனியாக சிவில் வழக்குப் போட வேண்டும். வேலை நேரத்தில் ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய சட்டக் கொள்கை. 'அவர் எங்கள் ஊழியர் இல்லை, சொந்த வண்டி வைத்திருக்கும் காண்டிராக்டர்' என்று கம்பெனி சொல்லலாம். உடனே சோர்ந்துவிடாதீர்கள். கம்பெனியின் உரிமத்தில், அதன் பெயரைத் தாங்கி வண்டி ஓடியிருந்தால் வண்டியைக் குத்தகைக்கு எடுப்பது பற்றிய மத்திய அரசு விதிகள் பொறுப்பை அந்தக் கம்பெனி மீதே வைக்கின்றன. மாநிலம் கடந்து பிறரின் சாதாரணச் சரக்கைக் கூலிக்கு ஏற்றும் டிரக்குக்கு அந்தக் கம்பெனி குறைந்தது 7,50,000 டாலர் காப்பீடு வைத்திருக்க வேண்டும். கேட்கப் பெரிய தொகைதான், முதுகெலும்பில் அடிபட்டவருக்குச் சிகிச்சையிலேயே கரைந்துவிடும்.

எனக்கு இதில் மிகுந்த கோபம் தருவது கம்பெனி அலுவலகத்தின் பங்கு. டிரைவரை மெசேஜ் பார்க்க விடுவதும், பார்க்கும்படி நெருக்குவதும் கம்பெனிக்கும் தடை. ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டிருப்பது திரையில் தெரியும்போதே 'எங்கே இருக்கிறாய், எத்தனை மணிக்கு வருவாய்' என்று டிஸ்பேட்சர், அதாவது வண்டிகளை அனுப்பிக் கண்காணிக்கும் அலுவலக ஊழியர், கேட்டுக்கொண்டிருப்பார். பதில் வராவிட்டால் திரும்பவும் கேட்பார். அப்படி ஒரு சங்கிலி கிடைத்தால் வழக்கு டிரைவரின் கவனக்குறைவோடு நிற்காது. கம்பெனியின் சொந்த அலட்சியம் என்று ஆகும். தெரிந்தே செய்தார்கள் என்று ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) நம்பினால், பல மாநிலங்களில் நஷ்ட ஈட்டுக்கு மேல் தண்டனைத் தொகையும் விதிக்கலாம்.

இனி சான்று. மோதிய வினாடியை டிரக்கின் இன்ஜின் கணினியிலிருந்து எடுப்பார்கள். வேகம், பிரேக் மிதித்த நேரம் போன்றவை அதில் பதிவாகியிருக்கும். அதன் அருகே டிரைவரின் போன் பட்டியலை, அதாவது போன் நிறுவனம் தரும் அழைப்பு, மெசேஜ் விவரத்தை வைப்போம். இங்கேதான் கவனம் வேண்டும். சில போன் நிறுவனங்களின் பட்டியல் உள்ளூர் நேரத்தில் இல்லாமல் சர்வதேச நேரத்தில் இருக்கும். அதை மாற்றாமல் ஒப்பிட்டால் மெசேஜ் விபத்துக்குச் சில மணி நேரம் தள்ளி விழுந்து, டிரைவர் போனைத் தொடவே இல்லை என்பது போலத் தோன்றும். இன்ஜின் கடிகாரமும் சரியான நேரம் காட்டும் என்று சொல்ல முடியாது. அவசர உதவி எண்ணான 911-க்கு வந்த முதல் அழைப்பின் நேரத்தை நடுவில் வைத்து இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். இன்னொன்று, வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் போன மெசேஜ் அந்தப் பட்டியலில் மெசேஜாக வராது, டேட்டா உபயோகமாக மட்டுமே தெரியும். அதற்குப் போனையே நிபுணரிடம் கொடுத்து, திரை எப்போது திறந்தது, எந்தச் செயலி முன்னால் இருந்தது என்று எடுக்க வேண்டும். நீதிமன்றம் சொன்னால் எடுக்கலாம்.

சில வினாடிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரக்குகளில் கேமரா வைத்துப் பார்த்ததில், மெசேஜ் பார்க்கும் டிரைவரின் கண் 6 வினாடியில் 4.6 வினாடி சாலையில் இல்லை. மணிக்கு 55 மைல் வேகத்தில் அது 110 மீட்டருக்கும் மேலான தூரம். சுமையோடு 80,000 பவுண்டு வரை எடையுள்ள வண்டி அத்தனை தூரம் யாரும் பார்க்காமல் ஓடுகிறது. பின்னால் மோதிய வழக்குகளில் பிரேக் மிதித்த தடமே இல்லை என்றால் எங்கள் அலுவலகத்தில் முதலில் கேட்பது போன் பட்டியலைத்தான்.

இவையெல்லாம் காத்திருக்காது. டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று காட்டும் மின்னணு லாக் பதிவுகளை கம்பெனி ஆறு மாதம்தான் வைத்திருக்க வேண்டும், அப்புறம் அழித்தால் சட்டப்படி தவறில்லை. டேஷ் கேமரா படம் அதற்கு வெகு முன்பே அழிந்துவிடலாம். டிரக்கைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டினால் இன்ஜின் பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடலாம். ஆகவே வக்கீலைப் பிடித்து, இவற்றை அழிக்காமல் வைக்கும்படி கம்பெனிக்கு இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். போன், டேஷ் கேமரா, இன்ஜின் கணினி, லாக், டிஸ்பேட்ச் மெசேஜ் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கடிதம் கிடைத்த பிறகும் அழித்தால், அது தங்களுக்குப் பாதகமாக இருந்ததால்தான் அழித்தார்கள் என்று ஜூரி கருத நீதிபதி இடம் கொடுக்கலாம்.

டிரக் கம்பெனியின் இன்சூரன்ஸ்காரர் அன்பாகப் போன் செய்வார். அண்ணன் மருந்து மயக்கத்தில் இருக்கும்போது பேச்சைப் பதிவு செய்யக் கேட்பார். சம்மதிக்க வேண்டாம், எதிலும் கையெழுத்தும் போட வேண்டாம். பார்த்த அந்தச் சாட்சியின் பெயரும் எண்ணும் போலீஸ் அறிக்கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விபத்து எந்த மாநிலத்தில் நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. காயத்துக்கு வழக்குப் போட டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் பொதுவாக இரண்டு ஆண்டு கெடு, டென்னசியில் ஒரே ஆண்டு. மாநிலத்தைச் சொன்னால் மேலே எழுதுகிறேன்.