டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

டர்பனின் தெற்குப் பக்கம் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து பாட்டியைக் கூட்டிக்கொண்டு கேப் டவுன் போக எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தீர்கள். வான்வழியில் சுமார் 1,280 கி.மீ. பயணம் இரண்டேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடலாம். விமானம் பறக்கும் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே பின்னால் தள்ளும். குளிர்காலத்தில் இது இன்னும் அதிகம்.

சாலையில் போனால் 1,600 கி.மீ.க்கு மேல். பாட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஒன்று. பழைய விமான நிலையம் உங்கள் பக்கத்திலேயே இருந்தது. 2010 முதல் எல்லா விமானமும் நகரத்துக்கு வடக்கே லா மெர்சியில் உள்ள கிங் ஷாகா நிலையத்திலிருந்துதான். காலை நெரிசலில் நகரத்தைத் தாண்டிப் போக வேண்டும், முன்கூட்டியே கிளம்புங்கள்.