அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம் என்றால், இந்தியாவில் வைத்தியத்துக்குக் கைக்காசு ஏன் கரைகிறது?

அரசு போடும் பணம் போதவில்லை என்பதுதான் முதல் காரணம். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவிட்டது ஜிடிபியில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது 39.4 சதவீதம். 2013-14இல் இது 64.2 ஆக இருந்தது; குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் காசு எங்கே கரைகிறது என்று பாருங்கள். ஆபரேஷனில் மட்டுமல்ல, மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையிலும்தான். 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான். வெளிநோயாளிச் சீட்டுக்கு அதில் இடமில்லை.

இந்த இடத்தில் தமிழ்நாடு செய்தது எனக்குப் பிடிக்கும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதுக்கும் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகே மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குபோல ஒரு பாஸ்புக். எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழியும். மாத்திரை அட்டையிலேயே 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும் (ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்). கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் பிறகு இப்படிக் கழகங்கள் அமைத்தன.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மருந்து கிடைப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஸ்டாக் இல்லையென்றால் டாக்டர் வெளியே எழுதிக் கொடுப்பார். எதிரில் இருக்கும் மெடிக்கல் ஷாப்பில்தான் அந்த 39.4இன் பெரும் பங்கு விழுகிறது.