இத்தாலி குழுச் சுற்றுலா: கூடுதல் நாட்களை முன்னால் சேர்ப்பதா, பின்னால் சேர்ப்பதா?

கேள்வி: வரும் மே மாதம் நானும் என் மனைவியும் இத்தாலிக்கு எட்டு நாள் குழுச் சுற்றுலா போகிறோம். சனிக்கிழமை ரோமில் தொடங்கி, பிளாரன்ஸ் வழியாக அடுத்த சனிக்கிழமை வெனிஸில் முடிகிறது. விமான டிக்கெட் எங்கள் பொறுப்பு. கையில் இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? விசாவில் சிக்கல் வருமா? இருவருக்கும் அறுபது வயதை ஒட்டி.

பதில்: முன்னால் ஓர் இரவு, பின்னால் மூன்று இரவு. உங்கள் பயணத்துக்கு இதுதான் சரியாக வரும்.

முன்னால் வைக்கும் இரவு ஊர் பார்ப்பதற்கு அல்ல, பாதுகாப்புக்கு. வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறித்தான் பெரும்பாலும் ரோமுக்குப் போவீர்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்தது போய்விடும்; பெட்டி பின்தங்கினால் ஒரு நாள் கழித்து வரும். நீங்கள் வந்து சேரவில்லை என்று குழு காத்திருக்காது. மே மாதத்தில் நமக்கும் இத்தாலிக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால், தூக்கம் கெடுவது பெரிய பிரச்சினை இல்லை. அதற்காக முன்னால் மூன்று நாள் தங்கத் தேவையில்லை.

இங்கே நாளை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள். சுற்றுலாவின் முதல் நாள் என்பது பெரும்பாலும் மாலையில் குழு கூடி அறிமுகமாவதோடு சரி. வெள்ளிக்கிழமை காலையில் இறங்கிவிட்டால், ஓர் இரவு வாடகையில் ஒன்றரை நாள் கிடைக்கிறது. சனிக்கிழமை காலை போர்கேசே கலைக்கூடத்துக்குப் போகலாம். பெர்னினியின் சிற்பங்கள் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். குழுப் பேருந்துகள் அதிகம் எட்டிப்பார்க்காத இடம். நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரம்தான் அனுமதி; திங்கள் விடுமுறை. கொலோசியமும் வாட்டிகனும் எப்படியும் குழுவோடு வரும். ஆனாலும் அட்டவணையில் அவை ‘உள்ளே அனுமதி’ என்று இருக்கிறதா, வெளியே நின்று படம் எடுப்பதோடு முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னதாக இருந்தால் அந்தச் சனிக்கிழமையை அதற்கே கொடுத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை இரவு எங்கே தங்குவது என்பது சுற்றுலா ஹோட்டல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அது நகரத்துக்குள் என்றால், கூடுதல் இரவையும் நிறுவனம் வழியாக அங்கேயே போட்டுவிடுங்கள், பெட்டி தூக்கும் வேலை மிச்சம். புறநகர் என்றால் டெர்மினி ரயில் நிலையத்தை ஒட்டித் தங்கிவிட்டு, சனி மாலை டாக்ஸியில் போய்ச் சேருங்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்துவரும் வண்டி, தொடக்க நாளில் வருபவர்களுக்கு மட்டும் என்று பல நிறுவனங்களில் விதி இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ஃபியுமிசீனோ விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் டெர்மினிக்குக் கொண்டுவிடும், ஆளுக்கு 14 யூரோ.

பின்னால் வரும் மூன்று இரவுதான் உங்களுடைய சொந்தப் பயணம். வெனிஸ் என்று சொல்லிப் பல குழுக்கள் தங்குவது மெஸ்த்ரேயில், அதாவது வெனிஸ் தீவை இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலப்பகுதியில். பகலில் தீவுக்குக் கூட்டிப்போய், கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். சனிக்கிழமை காலை உணவோடு சுற்றுலா முடிந்ததும் தீவுக்குள்ளேயே அறை எடுத்துப் போய்விடுங்கள். வாடகை கூடத்தான், ஆனால் பகல் பயணிகள் கிளம்பிய பிறகு வரும் மாலைக்கும் விடிகாலைக்கும் அந்தப் பணம் தகும். படகு நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அறை பாருங்கள். பாலங்களெல்லாம் படிக்கட்டு, பெட்டியோடு ஏறி இறங்கினால் முழங்கால் மன்னிக்காது. நகரப் படகில் ஒரு பயணச்சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். சுற்றப் போகிற நாளில் 24 மணி நேர அட்டையே லாபம். பகலில் வந்து போகிறவர்களுக்கு, குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் முறை 2024இல் தொடங்கியது. தீவில் தங்குபவர்களுக்கு அது இல்லை, ஆனால் அந்த விலக்கை இணையத்தில் பதிந்து கையில் வைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெனிஸ் நெரியும். அன்று பதுவா போய் வாருங்கள். விரைவு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. நம் ஊர்களில் கோடி அற்புதர் என்று கும்பிடுகிறோமே, அந்த அந்தோணியாரின் கல்லறை அங்குள்ள பேராலயத்தில்தான் இருக்கிறது. அதே ஊரில் ஸ்க்ரோவெனி சிற்றாலயம். 1305 வாக்கில் ஜோத்தோ தீட்டிய சுவரோவியங்கள் நான்கு பக்கமும் நிறைந்திருக்கும். ஈரமும் தூசியும் உள்ளே போய்விடாதபடி, முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பார்ப்பதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு நேரம்தான். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும், வெனிஸிலிருந்து படகில் போகும் புரானோ, தொர்செல்லோ தீவுகளுக்கு அதுவே தோதான நாள்.

விசா விஷயத்தில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். நிறுவனம் தரும் கடிதமும் ஹோட்டல் பதிவும் அந்த எட்டு நாளுக்கு மட்டும் இருக்கும். கூடுதல் நான்கு இரவுக்கும் அறைப் பதிவு, முழுப் பயணத்துக்கும் செல்லுபடியாகும் காப்பீடு (குறைந்தது 30,000 யூரோ), செவ்வாய்க்கிழமை திரும்பும் டிக்கெட் விவரம் எல்லாம் ஒரே விண்ணப்பத்தில் போக வேண்டும். நிறுவனமே குழுவுக்கு விசா எடுத்துத் தருவதாக இருந்தால், கோப்பு போகும் முன்பே கூடுதல் நாட்களைச் சொல்லிவிடுங்கள். விசா ஒட்டி வந்த பிறகு நாள் கூட்டிக் கேட்பது வீண் அலைச்சல். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அறைகளை ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் பதிந்துகொள்ளுங்கள். ரோம், வெனிஸ் இரண்டிலும் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியை ஹோட்டலில் தனியே கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல.

டிக்கெட் எடுக்கும்போது ரோமில் இறங்கி வெனிஸில் ஏறும்படி எடுங்கள். துபாய், தோஹா வழியாக வெனிஸிலிருந்தே விமானம் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று ரோம் போக வர டிக்கெட் எடுத்தால், திரும்பும் நாளில் நாலு மணி நேர ரயிலை நம்ப வேண்டிவரும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வம் அல்ல. வாடகைக் கார் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெனிஸுக்குள் கார் ஓடாது. மற்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால், கேமரா படம் பிடித்து அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும்.